அச்சாணி சைஸில் ஒரு பேட்டரி

முதலில் ஒரு சின்னக் கணக்கு. (பி.காம். படிக்கிறவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்?)

இன்றைக்கு ரோட்டில் ஓடும் ஒரு நடுத்தர எலெக்ட்ரிக் காரின் தரைக்கு அடியில் இருக்கிற பெரிய பேட்டரியில் சுமார் 60 யூனிட் மின்சாரம் பிடிக்கும். மாதம் 100 யூனிட் செலவாகும் ஒரு வீட்டை அதை வைத்து 18 நாள் ஓட்டலாம். அதே காரில் இன்னொரு பேட்டரியும் இருக்கிறது. பானெட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ ஒரு மூலையில், சாதாரண பெட்ரோல் காரில் இருப்பது போலவே, 12 வோல்ட். அதில் பிடிப்பது அரை யூனிட் அளவுதான். பெரியதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது கேள்வி. இந்தக் காரை நிழலாகப் பார்த்து நிறுத்திவிட்டு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருகிறீர்கள். பெரிய பேட்டரியில் 80 சதவிகிதம் சார்ஜ் இருக்கிறது. சின்ன பேட்டரி காலி. கார் ஓடுமா?

ஓடாது. ஓடுவது இருக்கட்டும், பல கார்களில் சாவியை எத்தனை முறை அமுக்கினாலும் கதவு திறக்காது. 'சரி, சார்ஜரைச் செருகுவோம்' என்று செருகினாலும் பல கார்களில் சார்ஜ் ஏறாது. பதினெட்டு நாளுக்கு வேண்டிய கரண்ட் காலடியில் கிடக்கும், நீங்கள் வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்பார்கள். எலெக்ட்ரிக் காரின் அச்சாணி இந்த 12 வோல்ட் பேட்டரி. துணை பேட்டரி என்று பெயர், ஆனால் துணை இல்லாமல் தலைக்கு வேலை இல்லை. இதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு பெரிய வேடிக்கை கண்ணில் பட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால் எலெக்ட்ரிக் காரை ரோட்டை விட்டுத் துரத்தியதில் ஒரு முக்கியப் பங்கு இந்தச் சின்ன பேட்டரிக்குத்தான்! இன்றைக்கு அதே எலெக்ட்ரிக் காரின் குடுமி இதன் கையில். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோடு உட்காரவும்.

பேட்டரியே வண்டியாக இருந்த காலம்

1859ல் பிரான்ஸில் காஸ்டன் பிளான்டே என்பவர் ஈயத் தகடுகளை நீர்த்த கந்தக அமிலத்தில் முக்கி ஒரு பேட்டரி செய்தார். அதற்கு முன்பு இருந்த பேட்டரிகள் பெரும்பாலும் ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதில் மின்சாரத்தைத் திரும்ப ஏற்றலாம். 1881ல் அதே நாட்டின் கமீல் ஃபோர் ஈயத் தகட்டின் மேல் ஈய ஆக்ஸைடு பசையைப் பூசி அதை இன்னும் தெம்பாக்கினார். அதே 1881ல் குஸ்தாவ் த்ரூவே என்பவர் பாரீஸ் தெருவில் பேட்டரியில் ஓடும் ஒரு மூன்று சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். இன்றைக்கு நம் தெருமுனை பேட்டரி கடையில் அடுக்கி வைத்திருக்கும் பேட்டரிக்கும் ஃபோர் செய்ததற்கும் அடிப்படை வேதியியல் ஒன்றேதான். டெலிபோன், ரேடியோ எல்லாம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன, ஈய பேட்டரி மட்டும் அப்படியே இருக்கிறது.

1899 ஏப்ரலில் கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினார். அவர் ஓட்டியது எலெக்ட்ரிக் கார். 1900ல் அமெரிக்காவில் தயாரான கார்களில் 1,575 எலெக்ட்ரிக், 936 பெட்ரோல். மீதி நீராவி. எண்ணிக்கையை இன்னொரு முறை படியுங்கள், தலைகீழாக எழுதவில்லை.

அந்தக் காலத்து எலெக்ட்ரிக் காரில் பெரிய பேட்டரி, சின்ன பேட்டரி என்ற பாகுபாடு கிடையாது. ஒரே ஈய பேட்டரிக் கூட்டம்தான் எல்லாவற்றுக்கும். ஆனால் 'நிறுத்தி வைத்தால் சார்ஜ் இறங்குகிறதே' என்ற பிரச்சினை அன்றைக்கே உண்டு. ஈய பேட்டரி சும்மா கிடந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்கிய நிலையில் அப்படியே விட்டால் தகட்டின் மேல் ஈய சல்பேட் படிந்து, நாளாக ஆக கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசாகத் திரும்பாது. பசிக்கிறபோது சோறு போடாவிட்டால் பிறகு சோறே இறங்காத உடம்பு மாதிரி.

அதைப் பார்த்துக்கொள்ள அன்றைக்கு மனிதர்கள் இருந்தார்கள். அமெரிக்க நகரங்களில் எலெக்ட்ரிக் கார்களுக்கென்றே கராஜ்கள் இருந்தன. இரவில் கார் அங்கே தங்கும், ஆட்கள் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, சார்ஜ் ஏற்றி, காலையில் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். வீட்டிலேயே சார்ஜ் போட நினைப்பவர்களுக்கு ஒரு சிக்கல்: பல ஊர்களில் வீட்டுக்கு வந்தது ஏசி கரண்ட், பேட்டரிக்கு வேண்டியது டிசி. 1902ல் பீட்டர் கூப்பர் ஹெவிட் பாதரச ஆவி நிரம்பிய ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்து ஏசியை டிசியாக மாற்றும் வழி கண்டுபிடித்த பிறகு வீட்டு கராஜிலேயே சார்ஜ் போடும் பெட்டிகள் வந்தன.

ஆக, பேட்டரியை உயிரோடு வைப்பது அன்றைக்கு ஒருவருடைய வேலை, சம்பளம் வாங்கும் வேலை. இதை நினைவில் வையுங்கள். இந்தக் கதையில் மாறிக்கொண்டே போவது அந்த வேலையைச் செய்வது யார் என்பதுதான்.

கல்லாப் பெட்டியில் இருந்து வந்த வில்லன்

பெட்ரோல் காருக்கு அப்போது இருந்த பெரிய அவமானம், அதை ஸ்டார்ட் செய்வது. முன்னால் போய் நின்று இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். என்ஜின் சில சமயம் பின்னால் உதைக்கும். கைப்பிடி திரும்பி அடித்து மணிக்கட்டு உடைந்தவர்கள் ஏராளம். 1908ல் இறந்த பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர், வழியில் நின்றுபோன ஒரு காரைச் சுற்றிவிடப் போய் அடிபட்டுத்தான் இறந்தார் என்றும், அதைக் கேட்டு மனம் உடைந்த அவருடைய நண்பர், கேடிலாக் கம்பெனியின் ஹென்றி லேலண்ட், இதற்கு ஒரு முடிவு கட்டச் சொன்னார் என்றும் ஒரு கதை காலகாலமாகச் சொல்லப்படுகிறது. கதை எவ்வளவு தூரம் நிஜமோ, லேலண்ட் கேட்டது நிஜம். செய்து கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங்.

காமர்ஸ் மாணவர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம் இது. கெட்டரிங் அதற்கு முன் வேலை பார்த்தது ஓஹையோவின் டேட்டன் நகரத்தில், நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில். கடைகளில் பணம் போடும் கல்லா மெஷினைக் கையால் சுற்றாமல் மின்சாரத்தில் திறக்க ஒரு மோட்டார் செய்தவர் அவர். அந்த மோட்டார் நாள் முழுக்க ஓடத் தேவையில்லை. ஒரு விநாடி பலமாக இழுத்தால் போதும், பிறகு ஓய்வு. ஒரு விநாடி வேலைக்கு என்றால் சின்ன மோட்டாருக்குள் அதன் சக்திக்கு மீறிய மின்சாரத்தைத் தைரியமாக அனுப்பலாம், சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். இதே யோசனையை அவர் கார் என்ஜினுக்குக் கொண்டுபோனார். 1912ம் வருஷத்து கேடிலாக் கார்கள் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரோடு வந்தன. இன்றைக்கு 'செல்ஃப் எடுக்கலை' என்று நாம் சொல்லும் அந்த செல்ஃப் இதுதான்.

கெட்டரிங்கின் கெட்டிக்காரத்தனம் மோட்டாரோடு நிற்கவில்லை. அவர் கொடுத்தது ஒரு முழு ஏற்பாடு. ஒரு ஈய பேட்டரி, அது மோட்டாரைச் சுற்றும், மோட்டார் என்ஜினைக் கிளப்பும், கிளம்பிய என்ஜின் அதே மோட்டாரை டைனமோவாக்கித் திரும்ப பேட்டரியை நிரப்பும். விளக்கும் அதிலேயே எரியும். கராஜ்காரன் வேண்டாம், பாதரசக் குடுவை வேண்டாம். காரை ஓட்டினால் போதும், பேட்டரி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

எலெக்ட்ரிக் காரின் பெரிய விற்பனைப் பேச்சே 'சுற்ற வேண்டாம், பொத்தானைத் தள்ளினால் போகும்' என்பதுதான். பெண்களும் டாக்டர்களும் விரும்பி வாங்கியது அதனால்தான். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டே, கணவர் லட்சக்கணக்கில் பெட்ரோல் கார் செய்து தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கார்தான் ஓட்டினார். அந்த ஒரு வசதியையும் ஒரு சின்ன ஈய பேட்டரி பெட்ரோல் காருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. எலெக்ட்ரிக் காரைத் தூக்கிச் சுமந்த அதே ஜாதி பேட்டரி, கட்சி மாறிவிட்டது!

நியாயமாகப் பேச வேண்டும். பழி எல்லாம் செல்ஃப் மோட்டார் மேல் போட முடியாது. 1912ல் ஒரு எலெக்ட்ரிக் ரோட்ஸ்டர் 1,750 டாலர், பெட்ரோல் கார் 650 டாலருக்குக் கிடைத்தது. 1901ல் டெக்ஸஸில் எண்ணெய் பீறிட்ட பிறகு பெட்ரோலும் தாராளம். நகரத்துக்கு வெளியே ரோடுகள் வந்தன, அங்கே கரண்ட் போகவில்லை. விலை, எரிபொருள், ரோடு மூன்றும் சேர்ந்து எலெக்ட்ரிக் காரை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது, மிச்சமிருந்த ஒரே பிடியையும் ஸ்டார்ட்டர் பிடுங்கிக்கொண்டது என்று சொல்வதே சரி. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கம்பெனி இழுத்துப் பிடித்து 1939 வரை தாங்கியது. 1907லிருந்து அது செய்த மொத்த கார்கள் சுமார் 13,000.

நிறுத்தி வைத்த காரில் யார் விழித்திருக்கிறார்கள்?

பிறகு ஐம்பது வருஷம் பெட்ரோல் காரும் பேட்டரியும் நல்ல தம்பதியாகக் குடித்தனம் நடத்தினார்கள். முதலில் பெரும்பாலும் 6 வோல்ட். 1950களில் என்ஜின்கள் பெரிதாகி, சுற்றுவதற்கு அதிக பலம் கேட்டதும் அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. 1960ல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வைத்தது. இது மெதுவாக ஓடும்போதும் நன்றாக சார்ஜ் கொடுக்கும். உலகம் முழுக்க பல்பு, ஹாரன், வைப்பர் மோட்டார், ஃபியூஸ், ரேடியோ எல்லாம் 12 வோல்ட்டுக்கென்றே தயாராக ஆரம்பித்தன.

ஆரம்ப காலத்து காரை நிறுத்தினால் அது நிஜமாகவே செத்த பிணம் மாதிரி நிற்கும். ஒரு துளி கரண்ட் எடுக்காது. பிறகு கடிகாரம் வந்தது. திருட்டு அலாரம் வந்தது. ரேடியோ எந்த ஸ்டேஷனில் இருந்தது என்று நினைவு வைக்க ஆரம்பித்தது. என்ஜினுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ரிமோட் சாவிக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கும் ரிசீவர் வந்தது. நிறுத்திய காரிலும் யாரோ ஒருவர் எப்போதும் விழித்திருக்கிறார்.

கணக்கு பார்ப்போம். ஒரு 45 ஆம்பியர்-அவர் பேட்டரி. நிறுத்திய காரில் 30 மில்லி ஆம்பியர் கசிகிறது என்று வையுங்கள், ஆரோக்கியமான காரிலேயே இந்த அளவு இருக்கும். 45ஐ 0.03ஆல் வகுத்தால் 1,500 மணி நேரம், அதாவது 62 நாள். பாதி இறங்கினாலே செல்ஃப் திணறும் என்பதால் நடைமுறையில் ஒரு மாதம். 2020 மார்ச் 25ல் ஊரடங்கு போட்டபோது இந்தக் கணக்கை நாடே பிராக்டிகலாகச் செய்து பார்த்தது. தெருவெல்லாம் செல்ஃப் எடுக்காத கார்கள். வாரத்துக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் காரை ஓட விடுங்கள் என்ற அறிவுரை அப்போது வாட்ஸப் முழுக்க வலம் வந்தது.

திரும்பி வந்த எலெக்ட்ரிக் காருக்குள் பழைய எதிரி

1997ல் ஜப்பானில் டொயோட்டா ப்ரியஸ் வந்தது. பாதி பெட்ரோல், பாதி மின்சாரம். உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் பேட்டரி ஒன்று இருந்தும், ஓரமாக ஒரு 12 வோல்ட் ஈய பேட்டரியும் இருந்தது. இந்தப் பேட்டரிக்கு என்ஜினைச் சுற்றும் வேலை இல்லை, அதைப் பெரிய பேட்டரியே செய்துவிடும். இதன் வேலை கம்ப்யூட்டர்களை எழுப்புவது மட்டும். 2003ல் வந்த இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் இந்த பேட்டரியைப் பின்பக்கம் டிக்கியில் வைத்தார்கள். டிக்கிக் கதவு மின்சாரத்தில் திறக்கும். பேட்டரி இறங்கினால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காவிட்டால் பேட்டரியைத் தொட முடியாது. பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவி! நல்லவேளையாக, முன்பக்க ஃபியூஸ் பெட்டியில் ஜம்ப் ஸ்டார்ட் செய்ய ஒரு முனை கொடுத்திருந்தார்கள்.

2010 டிசம்பரில் முழு எலெக்ட்ரிக் காரான நிஸான் லீஃப் வந்தது. அதிலும் 12 வோல்ட் ஈய பேட்டரி. 'இவ்வளவு பெரிய பேட்டரி இருக்கும்போது எதற்கய்யா இது?' என்று எல்லோருக்கும் வரும் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் காரணம் பாதுகாப்பு. பெரிய பேட்டரி 350, 400, சில கார்களில் 800 வோல்ட். நேர் மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்கு மேல் போனாலே உயர் மின்னழுத்தம் என்று வாகன விதிகள் பிரித்து வைத்திருக்கின்றன. அதனால் காரை அணைத்ததும் பெரிய பேட்டரியை மற்ற எல்லாவற்றிலிருந்தும் துண்டித்துவிட வேண்டும். கான்டாக்டர் என்ற கனமான ரிலே ஸ்விட்சுகள் அதைச் செய்கின்றன. விபத்து நடந்தாலும், மெக்கானிக் கை வைத்தாலும், தீயணைப்பு வீரர் வெட்டினாலும் ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கரண்ட் போனால் தானாகத் திறந்துகொள்ளும்படி இந்த ஸ்விட்சுகளைச் செய்திருக்கிறார்கள். அப்படியானால் அவற்றை மூடி வைக்க வெளியிலிருந்து கரண்ட் வேண்டும். அந்தக் கரண்ட் எங்கிருந்து வரும்? 12 வோல்ட் பேட்டரியிலிருந்து!

இரண்டாவது காரணம், ஓடும்போது பெரிய பேட்டரிப் பக்கம் ஏதாவது கோளாறு என்றால்கூட பிரேக் உதவி, ஸ்டீயரிங் உதவி, எச்சரிக்கை விளக்கு எல்லாம் ஓரம் கட்டும் வரை வேலை செய்ய வேண்டும்.

மூன்றாவது காரணம் நம்ம சப்ஜெக்ட்: செலவு. 12 வோல்ட் பல்பும் மோட்டாரும் கோடிக்கணக்கில் தயாராகி மலிவாகிவிட்டன. 1990களின் கடைசியில் கார் கம்பெனிகள் கூடி 42 வோல்ட்டுக்கு மாறலாம் என்று திட்டம் போட்டன. டொயோட்டா 2001ல் ஒரு க்ரௌன் காரில் செய்தும் பார்த்தது. ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் புதிதாகச் செய்ய வேண்டிய செலவைப் பார்த்து அடுத்த சில வருஷங்களில் எல்லோரும் மெல்ல நழுவிவிட்டார்கள். முதலில் யார் மாறுவது என்ற கேள்விதான் தடை. 2023 கடைசியில் வந்த டெஸ்லா சைபர்ட்ரக் 48 வோல்ட்டுக்கு மாறியதைப் பெரிய செய்தியாகப் பேசியதற்குக் காரணம் இதுதான்.

சில்லறை ரொக்க ஏடு

பிளஸ் ஒன்னில் அக்கவுண்டன்சி படித்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பெரிய பேட்டரி என்பது வங்கிக் கணக்கு, சின்ன பேட்டரி என்பது சில்லறை ரொக்கம். டீ, ஆட்டோ, தபால் தலை எல்லாம் சில்லறை ரொக்கத்திலிருந்து. முன்பண மீட்பு முறையில், வாரக் கடைசியில் எவ்வளவு செலவானதோ அவ்வளவைத் தலைமைக் காசாளர் திரும்ப நிரப்பிவிடுவார். காரில் அந்தத் தலைமைக் காசாளர் பெயர் டிசி-டிசி கன்வெர்ட்டர். ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் உட்கார்ந்து, பெரிய பேட்டரியின் 400 வோல்ட்டை 14 வோல்ட் அளவுக்குக் குறைத்துச் சின்ன பேட்டரியை நிரப்புகிறவர்.

கார் ஓடும்போது அவர் ஆபீஸில் இருக்கிறார், பிரச்சினை இல்லை. காரை நிறுத்திப் பூட்டியதும் அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். லாக்கர் பூட்டு. ஆனால் ஆபீஸில் செலவு நிற்பதில்லை. நீங்கள் போனில் ஆப்பைத் திறந்து 'என் கார் எப்படி இருக்கிறது' என்று எட்டிப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே கம்ப்யூட்டர்கள் எழுந்து உட்காருகின்றன. அவை தூங்கும்போது மில்லி ஆம்பியரில் குடிக்கும், விழித்தால் ஆம்பியர் கணக்கில். தூங்கப் போகாமல் 3 ஆம்பியர் குடித்துக்கொண்டே இருந்தால் அந்த 45 ஆம்பியர்-அவர் பேட்டரி 15 மணி நேரத்தில் காலி. சில்லறைப் பெட்டி காலியானால் என்ன ஆகும்? லாக்கர் சாவியே அந்தச் சில்லறைப் பெட்டிக்குள்தானே இருக்கிறது! கோடி ரூபாய் சொத்து வைத்துக்கொண்டு அன்றைய கூலி கொடுக்கக் காசில்லாமல் ஷட்டரை இழுத்த கம்பெனிகளைப் பற்றிப் படிக்கிறோமே, அதே நோய்.

கார் கம்பெனிகளுக்கும் இது தெரியும். லீஃப் காரை நாள் கணக்கில் நிறுத்தினால், அதுவே அவ்வப்போது எழுந்து பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்குக் கொஞ்சம் ஊட்டிவிட்டுத் திரும்பத் தூங்கும். அமெரிக்காவில் அதன் உயர் மாடலில் பின்பக்க ஸ்பாய்லர் மேல் ஒரு சின்ன சோலார் தகடுகூட இருந்தது. அது காரை ஓட்ட இல்லை, 12 வோல்ட் பேட்டரிக்குச் சோறு போட. 2021ல் டெஸ்லா தன் மாடல் எஸ் காரில் ஈய பேட்டரியை விட்டுவிட்டு லித்தியத்தில் துணை பேட்டரி வைத்தது. பிளான்டே காலத்து ஈயம் அங்கே ஆட்டம் கண்டது.

கராஜ்காரர் செய்த வேலையை 1912ல் டைனமோ எடுத்துக்கொண்டது. இப்போது ஒரு சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டிருக்கிறது. கைப்பிடி போட்டுச் சுற்றும் தொல்லை போனபோது என்ன மகிழ்ச்சியோ அதே மகிழ்ச்சி நமக்கும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பெட்ரோல் காரில் பேட்டரி சாகும் முன் சொல்லிவிட்டுச் சாகும். ஒரு வாரமாகவே காலையில் செல்ஃப் 'ர்ர்ர்... ர்ர்...' என்று இழுக்கும், நமக்குப் புரிந்துவிடும். எலெக்ட்ரிக் காரில் அந்தத் திணறலே கிடையாது. கம்ப்யூட்டரை எழுப்ப அவ்வளவு பலம் வேண்டாம் என்பதால் கடைசி நாள் வரை நன்றாக இருப்பது போலவே இருந்து, ஒரு நாள் காலையில் மௌனமாகிவிடும்.

விளையாட்டு இல்லை

ஜெர்மனியில் ஏடிஏசி என்ற வாகன உரிமையாளர் சங்கம் வருஷா வருஷம் நடுரோட்டுப் பழுதுகளைக் கணக்கெடுக்கிறது. 2024ம் வருஷக் கணக்கில் பழுதுகளில் சுமார் 45 சதவிகிதம் சின்ன பேட்டரி சம்பந்தப்பட்டது. எலெக்ட்ரிக் கார்களை மட்டும் தனியாக எடுத்தாலும் முதல் இடம் இதற்கேதான். எல்லோரும் பயப்படும் பெரிய பேட்டரி அல்ல.

2024 மார்ச்சில் ஹூண்டாய், கியா கம்பெனிகள் அமெரிக்காவில் 1,47,110 எலெக்ட்ரிக் கார்களைத் திரும்ப அழைத்தன. காரணம், சார்ஜ் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் 12 வோல்ட் பேட்டரி நிரம்பாது, ஓடும்போதே இழுவை போய்விடலாம். அதாவது தலைமைக் காசாளருக்கே உடம்பு சரியில்லை. அதே ஆண்டு ஜூனில் இந்தியாவிலும் 1,744 ஐயானிக் 5 கார்கள் அழைக்கப்பட்டன. இங்கே விற்பவை நம்ம சென்னைக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் பூட்டப்படுபவை.

2025 செப்டம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 2021ம் வருஷத்து டெஸ்லா மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000 பற்றி ஒரு விசாரணை தொடங்கியது. வெளிக்கதவுக் கைப்பிடிகள் மின்சாரத்தில் இயங்குபவை. பூட்டுகளுக்குப் போதுமான வோல்ட் கிடைக்காதபோது அவை வேலை செய்யவில்லை என்று புகார். அந்தப் புகார்களைப் படித்தபோதுதான் இது வெறும் டெக்னிக்கல் வம்பு இல்லை என்று உறைத்தது. பின் சீட்டில் குழந்தையை உட்கார வைத்துவிட்டு, அல்லது இறக்குவதற்காக, பெற்றோர் வெளியே வந்து கதவைத் திறக்கிறார்கள், திறக்கவில்லை. உள்ளே குழந்தை. நான்கு பேர் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து கையால் திறக்கும் கொக்கி இருக்கிறது, ஆனால் சின்னக் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? மே மாத வெயிலில் நம்ம ஊரில் மூடிய காருக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1908ல் கார் மனிதனின் கையை உடைத்தது. அதைச் சரி செய்ய வந்த பேட்டரி, இன்றைக்குக் கதவின் இந்தப் பக்கம் ஒருவரையும் அந்தப் பக்கம் ஒருவரையும் நிறுத்திவிட முடிகிறது. வசதி ஒவ்வொன்றும் ஒரு புதுக் காவல் வேலையையும் கூடவே கொண்டுவருகிறது. அந்த வேலையை யார் செய்வது என்று கேட்காமல் விட்டால், அது யாருடைய வேலையும் இல்லாமல் போய்விடுகிறது. வரலாற்றில் எனக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான்.

சரி, எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் (அல்லது அப்பாவை வாங்க வைக்க முயற்சி செய்பவர்கள்!) செய்ய வேண்டியவை:

1. சின்ன பேட்டரிக்கும் வயது உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை செக் செய்யச் சொல்லுங்கள். ஈய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அருகில் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.0க்கு வந்தால் பட்டினி.

2. நீண்ட நாள் நிறுத்தும்போது பெரிய பேட்டரியைத் துடைத்துக் காலியாக விடாதீர்கள். அது மிகக் குறைந்தால் சின்னதுக்கு ஊட்டுவதைப் பல கார்கள் நிறுத்திவிடும்.

3. சார்ஜரைச் செருகி விட்டுப் போனால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். பெரியது நிறைந்ததும் சார்ஜ் நின்றுவிடும். அதன்பின் சின்னதைக் கவனிக்குமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் கார் மேனுவலில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள்.

4. ஊரில் இருந்துகொண்டு ஆப்பில் காரை அடிக்கடி எட்டிப் பார்க்காதீர்கள். தூங்கும் பிள்ளையை எழுப்புவதற்குச் சமம். தனியாகச் செருகி வைத்த டாஷ் கேமரா, டிராக்கர் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

5. மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால், மேனுவல் அனுமதித்தால், 12 வோல்ட்டுக்கென்றே இருக்கும் சின்ன சார்ஜரை மாட்டி வைக்கலாம்.

6. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி எங்கே நுழையும், பின் கதவின் அவசரக் கொக்கி எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே பார்த்து வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். இது ஒன்றை மட்டும் செய்தாலும் இந்தப் பதிவு எழுதிய புண்ணியம் எனக்கு.

அடுத்த வாரம் செமஸ்டர் என்பதால் கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரமாட்டேன். வரும்போது பேட்டரி இறங்காமல் இருக்கிறதா பார்ப்போம் :-)

டிஸ்கி: என்னிடம் இருப்பது ஒரு சைக்கிள். அதற்கு எந்த பேட்டரியும் கிடையாது.